ஞாயிற்றுக்கிழமை துளையிடக் கூடாது

துளையிடும் மிஷின் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே சுவரிடம் தோற்றவர்கள். மீதிப் பேர் தோற்கப் போகிறவர்கள். புனே கேம்ப்பில் ஒரு ஹார்டுவேர் கடையில் டிரில் கவுண்ட்டரில் நிற்கிறவள் நான். பெயர் கிரேஸ். எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இங்கேயே வேர்விட்டது. வீட்டில் தமிழ், கடையில் இந்தி, திட்டுவதற்கு மட்டும் மராத்தி.

நீங்களும் நம்ம கட்சிதான், மறைக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் மாட்டாத கடிகாரம் ஒன்று பிரிட்ஜ் மேல் மல்லாந்து கிடக்கும். சுவரில் ஆணி அடித்து, ஆணி வளைந்து, கட்டைவிரல் வீங்கி, "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டிருப்பீர்கள். அந்த "அப்புறம்" வரும்போது என் கவுண்ட்டருக்குத்தான் வருவீர்கள். எங்கள் கடை முதலாளியை எல்லோரும் சேட் என்போம். அவர் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். கவுண்ட்டர் ஓரமாக ஒரு கான்கிரீட் கட்டை கிடக்கும். மிஷின் வாங்குகிறவர் யாரானாலும் தன் கையாலேயே அதில் ஓர் ஓட்டை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். அந்தக் கட்டை இப்போது இடியாப்ப அச்சு மாதிரி இருக்கிறது.

திரைச்சீலை மாட்டாத வீடு

புனேயின் புறநகரான வாகட்டிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்தது. ஒரு சாதா டிரில்லைக் கவுண்ட்டரில் வைத்து, "மிஷின் கெட்டுப்போச்சுங்க மேடம்" என்றார் அவர். "மிஷின் நல்லாத்தான் இருக்குதுங்க, இவருக்குத்தான் பிடிக்கத் தெரியலை" என்றாள் அவள். ஜன்னலுக்குத் திரைச்சீலைக் கம்பி மாட்ட வேண்டும். சுவரில் விரல்நகம் அளவுக்குக் குழி விழுந்ததோடு சரி. எதிர் பிளாட்டுக்காரர்கள் இவர்கள் சாப்பிடுவது, சண்டை போடுவது எல்லாவற்றையும் டிவி சீரியல் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

மிஷின் முனையில் மாட்டுகிற துளைக்கம்பியை, அதாவது பிட்டை, வாங்கிப் பார்த்தேன். முனை சூட்டில் நீலம் பாரித்து மொட்டையாகிவிட்டது. விஷயம் இதுதான். இப்போது வாகட், கராடி பக்கம் எழும்புகிற கட்டடங்கள் பலவற்றில் செங்கல்லே கிடையாது. அலுமினியப் பலகைகளை நிறுத்தி, நடுவில் கம்பி கட்டி, சுவரையே கான்கிரீட்டாக ஊற்றிவிடுகிறார்கள். மிவான் சுவர் என்று பெயர். சாதா டிரில் சுற்ற மட்டும்தான் செய்யும். அதை வைத்துக்கொண்டு கான்கிரீட்டோடு மல்லுக்கட்டினால் பிட்டுதான் தேயும். ரோட்டரி ஹேமர் என்றால் சுற்றிக்கொண்டே உள்ளிருந்து குத்தும். நாம் மேலே விழுந்து அழுத்தவே வேண்டாம், நேராகப் பிடித்தால் போதும். அவரை விட்டுவிட்டு அவளிடம் மிஷினைக் கொடுத்தேன். கட்டையில் வைத்தாள். 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம், பிட் உள்ளே போய்விட்டது. அவள் மிஷினை இறக்கிவிட்டுப் புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "ஏனுங்க, இத்தனை நாளா அந்தச் செவுத்தைத் திட்டாத திட்டில்லை. வீட்டுக்குப் போனதும் மொதல்ல அதுகிட்ட ஒரு சாரி சொல்லிருங்க."

சத்தம் போடாத மிஷின்

ஜோஷி காகா (மராத்தியில் காகா என்றால் சித்தப்பா) எங்கள் கராடி அடுக்குமாடியின் செயலாளர். எங்களுக்கு நேர் கீழ்வீடு. ஆள் நல்ல கனம், மனசு அதைவிடக் கனம், ஆனால் சட்டம் என்று வந்துவிட்டால் பெற்ற பிள்ளைக்கும் விலக்கு கிடையாது. லிப்ட்டுக்குப் பக்கத்தில் அவர் ஒட்டிய பலகை இருக்கிறது: வார நாட்களில் காலை பத்திலிருந்து ஒன்று, மாலை மூன்றிலிருந்து ஐந்து மட்டும் துளையிடலாம்; ஞாயிற்றுக்கிழமை துளையிடக் கூடாது. படித்துவிட்டு நான் சிரித்தேன். அந்த நேரம் முழுக்க நான் கேம்ப்பில் நின்று ஊருக்கு டிரில் விற்றுக்கொண்டிருப்பேன். கடை லீவு ஞாயிற்றுக்கிழமை மட்டும். டிரில் விற்கிறவள் வீட்டுக் கடிகாரம் பிரிட்ஜ் மேல் கிடப்பதற்குக் காரணம் புரிகிறதா?

அப்பேர்ப்பட்ட காகா ஒரு நாள் கடைக்கே வந்து, குரலைத் தாழ்த்திச் சத்தம் போடாத டிரில் இருக்கிறதா என்று கேட்டார். (அவர் பேசியது மராத்தி, உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.) மருமகள் ஒரு பூஜை அலமாரி வாங்கிவிட்டாளாம். வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமைதான் மாட்ட முடியும். "கான்கிரீட்டைக் குத்துகிற மிஷின் எப்படிக் காகா வாயை மூடிக்கொண்டு குத்தும்?" என்றேன். ஒட்டுகிற கொக்கி கேட்டார். அலமாரி கனத்துக்குத் தாங்காது, சாமி தலைகுப்புற விழும் என்றேன். கட்டையில் ஆசைக்கு ஓர் ஓட்டை மட்டும் போட்டுவிட்டு, வெறுங்கையோடு கிளம்பினார். போகும்போது சொன்னது: "கிரேஸ், சட்டத்தை வேற எவனாவது எழுதியிருந்தா நான் இந்நேரம் அவன்கிட்டச் சண்டை போட்டு மாத்தியிருப்பேன்."

வீட்டிலேயே ஒரு வாடிக்கையாளர்

மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் டேனியல் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். விழும்போது குழாயைப் பிடித்தார். குழாயும் அவரோடு வந்துவிட்டது. இடுப்பெலும்பில் ஆபரேஷன். நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தார், வாக்கர் பிடித்து நடக்கிறார், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனால் பிசியோதெரபி செய்ய வரும் பெண் கறாராகச் சொல்லிவிட்டாள்: குளிக்கிற இடத்தில் சுவரில் உறுதியான கைப்பிடி மாட்டுகிறவரைக்கும் தனியாகக் குளிக்கவே கூடாது.

ஆக, தினமும் கடைக்குப் போவதற்கு முன்னால் நான் அவரைப் பிடித்துக்கொள்ள, அவர் குளிப்பார். எனக்கு அது பாரமே இல்லை. அவருக்குத்தான் கூச்சத்தில் உயிர் போனது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். எங்கள் சர்ச் பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையது. முன்பெல்லாம் காலையில் பாத்ரூம் கதவைத் தாழ் போட்டால் கீர்த்தனை கிளம்பிவிடும். குரல் குழாய்ச் சந்து வழியாகக் கீழே இறங்க, காகா விடிந்தும் விடியாமலும் மேலே வந்து புகார் சொல்வார். விழுந்ததிலிருந்து பாட்டு நின்றுவிட்டது. பாடச் சொன்னால், "பிடிச்சுக்கிட ஆள் நிக்கும்போது என்ன பாட்டு?" என்பார். கை கால் வலிப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், அந்த வீட்டின் அமைதியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கே என் லீவெல்லாம் தீர்ந்திருந்தது. வார நாளில் வீட்டில் நிற்க வழியில்லை. ஒரு காலை தலை துவட்டிவிடும்போது அவர் கேட்டார்: "ஏட்டி கிரேசு, ஊருக்கெல்லாம் ஓட்டை வித்துட்டு வாரியே, நம்ம வீட்டுக்கு ரெண்டு ஓட்டை கொண்டாரப்படாதா?"

பிடிக்கிறதா, தொங்குறதா

சரி, ஆள் வைத்தாவது செய்வோம் என்று கட்கியில் ஃபிட்டிங் வேலை பார்க்கிற சேகர் என்கிற தம்பியை வார நாளில் வரச் சொன்னேன். கடையிலிருந்து நல்ல ஸ்டீல் கைப்பிடியும், நீளமான ஸ்க்ரூவும், ஸ்க்ரூ பிடிக்க ஓட்டைக்குள் செருகுகிற நைலான் பிளக்கும் எடுத்துக் கொடுத்தேன். மத்தியானமே போன் வந்துவிட்டது: "அக்கா, முடிஞ்சுது. ஜம்முனு இருக்கு." சாயங்காலம் வந்து பார்த்தேன். பார்வைக்கு ஜம்மென்றுதான் இருந்தது.

நான் இந்தத் தொழிலில் யாரையும் நம்புவதில்லை. டேனியலை ஹாலிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து உடம்பைத் தொங்கவிட்டேன். அடுத்த நொடி கைப்பிடி என் கையில், நான் வாளிக்குள். வலி கிடக்கட்டும். அவர் பிடித்திருந்தால்? எழுந்து ஓட்டையைப் பார்த்தேன். டைல் தாண்டிக் கான்கிரீட்டில் சும்மா முத்தம் கொடுத்துவிட்டு நிறுத்தியிருக்கிறான். சேகரின் சின்ன மிஷின் அதற்குமேல் போகவில்லை. அதனால் பிளக்கைப் பாதியாக நறுக்கி, ஸ்க்ரூவையும் வெட்டிச் சின்னதாக்கி மாட்டிவிட்டுப் போயிருக்கிறான்! போனில் பிடித்துக் காய்ச்சினேன். தமிழ், இந்தி தீர்ந்து மராத்திக்கே போய்விட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் நிதானமாகச் சொன்னான்: "அக்கா, பிடிச்சுக்கத்தானே கைப்பிடின்னு சொன்னீங்க? தொங்கறதுக்குன்னு சொல்லவே இல்லையே."

பாஸ்டரும் தூசியும்

அந்த வாரமே எங்கள் பாஸ்டர் கடைக்கு வந்தார். சர்ச் ஹாலில் ஸ்பீக்கர் மாட்டிய போல்ட்டுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து வருகின்றனவாம். மிஷின் சரி, பிட் சரி, ஆங்கர் போல்ட்டும் நான் கொடுத்ததுதான். "ஓட்டை போட்டதும் உள்ளே இருந்த தூசியை எடுத்தீங்களா, ஐயா?" என்று கேட்டேன். "தூசியா?" என்றார். கான்கிரீட்டைக் குடைந்தால் மாவு மாதிரி தூசி ஓட்டைக்குள்ளேயே தங்கிவிடும். அதன் மேல் போல்ட்டை அடித்தால் அது சுவரைப் பிடிக்காது, தூசியைத்தான் பிடிக்கும். தூரிகை விட்டுத் துடைத்து, பம்பால் ஊதி, மறுபடி துடைக்க வேண்டும். வாயால் ஊதினால் எல்லாம் கண்ணுக்குத்தான் வரும். இவருக்கு அதுவும் நடந்திருக்கிறது.

ஊதுகிற பம்பை வாங்கிக்கொண்டே, டேனியல் எப்போது பாட வருவார் என்று விசாரித்தார். "பாத்ரூமிலேயே பாடவில்லை, ஐயா. சர்ச்சுக்கு எங்கே வருவார்?" என்றேன். அவர் ஜெபிப்பதாகச் சொன்னார். படியிறங்கப் போனவர் திரும்பி நின்று பம்பைத் தூக்கிக் காட்டினார்: "உள்ளே கிடக்கிற குப்பையை எடுக்காம எதுவும் நிலைக்காதுன்னு வாராவாரம் நான் பிரசங்கம் பண்றேம்மா. ஓட்டைக்கும் அதுதான்னு எனக்குத் தோணவே இல்லை, பாரு."

சுதி மாறுது

இனி யாரையும் கூப்பிடுவதில்லை, ஞாயிற்றுக்கிழமையே நானே போட்டுவிடுவது என்று முடிவு கட்டினேன். காகாவிடம் கேட்டால் முடியாது என்பார்; கேட்காவிட்டால் முடியாது என்று சொல்ல முடியாதல்லவா? சேட்டிடம் கடையின் ரோட்டரி ஹேமரை இரவல் கேட்டேன். கான்கிரீட் கட்டையை இடியாப்ப அச்சாக்கிய அதே மிஷின். எடுத்துப் போ என்றார். டைலுக்கு ஒரு சின்ன டிரில்லும் எடுத்துக்கொண்டேன். டைல் மேல் ஹேமரை வைத்தால் கண்ணாடி மாதிரி விரிசல் விட்டுவிடும்.

சர்ச் முடிந்து வந்து, கட்டடம் முழுக்க மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரமாகப் பார்த்தேன். கைப்பிடியை எந்த இடத்தில் மாட்டுவது? சேகர் தனக்கு வசதியான இடத்தில் மாட்டியிருந்தான். நான் டேனியலின் உள்ளங்கையில் டால்கம் பவுடரைக் கொட்டினேன். "விழப்போறதா நினைச்சுக்கிட்டுச் சுவரைப் பிடிங்க" என்றேன். ஒரு கையால் நான் அவரைப் பிடித்திருக்க, அவர் சட்டென்று சுவரில் கை வைத்தார். டைலில் வெள்ளையாக ஒரு கை பதிந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு ஏனோ கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அழுதா பவுடர் அழிஞ்சிரும்ட்டி" என்றார் அவர்.

அவரைப் பாத்ரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். சுவருக்குள்ளே எந்தப் பக்கமாகக் குழாய் ஓடுகிறது என்பதைக் கட்டடக்காரர் கொடுத்த படத்தில் முதல் நாளே பார்த்து வைத்திருந்தேன். பிட் வழுக்காமல் இருக்க டைல் மேல் டேப் ஒட்டி, சின்ன டிரில்லால் மெதுவாக டைலைத் தாண்டினேன். பிறகு ரோட்டரி ஹேமர். ஆண்டவரே, அந்தச் சின்ன பாத்ரூமில் அது போட்ட சத்தம்! கராடி முழுக்கக் கேட்டிருக்கும். பாதி போயிருப்பேன், வாசலிலிருந்து டேனியல் கத்தினார்: "நிறுத்து, நிறுத்து! சுதி மாறுது!"

நிறுத்தினேன். எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. மறுபடி லேசாக அழுத்தினேன். ஆமாம்! அடங்கின சத்தம் போய், கணீர் என்று மேலே ஏறியிருந்தது. உள்ளே கம்பி. விட்டிருந்தால் பிட்டும் போயிருக்கும், கம்பியும் காயப்பட்டிருக்கும். ஓட்டையை விட்டுவிட்டு, கைப்பிடியின் வட்டத் தகட்டைக் கொஞ்சம் திருப்பி, கம்பிக்கு விலகி வேறு இடம் குறித்தேன். அதற்கப்புறம் நான் சுவரைப் பார்க்கவே இல்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன். அவர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, பாடகர் குழுவில் பக்கத்துக் குரலைக் கேட்பது மாதிரி கேட்டார். "போ… போ… நல்லாப் போகுது… போ." ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் இப்படி அதிகாரம் பண்ணி அன்றுதான் பார்த்தேன். சந்தோஷத்தில் வேண்டியதைவிடக் கொஞ்சம் ஆழமாகவே குடைந்துவிட்டேன். மிஷின் மேல் பழியைப் போட்டுக்கொண்டேன்.

பலகைக்கு மேல் ஒரு ஆள்

கடைசி ஓட்டை பாக்கி இருக்கும்போது காலிங் பெல் அடித்தது. திறந்தால் ஜோஷி காகா. கையில் சோற்றுப் பருக்கை காயவில்லை. நான் தலை முதல் கால் வரை வெள்ளையாக, துப்பாக்கி மாதிரி மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நாலு வீட்டிலேர்ந்து போன் வந்தாச்சு. பலகை எதுக்கு ஒட்டியிருக்கேன்?" என்று ஆரம்பித்தவர், என் தோளுக்குப் பின்னால் வாக்கரையும், பாத்ரூம் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த டேனியலையும், டைலில் பதிந்திருந்த பவுடர்க் கையையும் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, போனை எடுத்து, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எதையோ தட்டினார். பிறகு பார்த்தேன்: 'மேல்மாடியில் அவசர வேலை. யாரும் போன் செய்ய வேண்டாம். நான் இங்கேதான் இருக்கிறேன்.'

கடைசி ஓட்டையும் போட்டு, துடைத்து, ஊதி, மறுபடி துடைத்து, போல்ட்டுகளை இறுக்கினேன். முதலில் நான் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. ஆனால் சேகர் கதைக்கு அப்புறம் என் தொங்கலை நானே நம்பவில்லை. "காகா, இந்தக் கட்டடத்திலேயே கனமான ஆள் நீங்கதான். ஒரு தடவை" என்றேன். காகா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சட்டம் போட்ட அந்தக் கையால் சட்டத்தை மீறி மாட்டிய கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினார். மூச்சு வாங்கிற்று, முகம் சிவந்தது. கைப்பிடி அப்படியே இருந்தது.

டேனியல் வாக்கரோடு எழுந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். நான் பின்னாலேயே போகப் பார்த்தேன், "நீ எங்க வார?" என்றார். கதவைச் சாத்தினார். 'டக்' என்று தாழ் விழுந்தது. நானும் காகாவும் வெளியே நின்றோம். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. கதவில் காதை வைத்தேன். காகாவும் மறுபக்கம் காதை வைத்தார். திடீரென்று உள்ளே தொண்டையைச் செருமுகிற சத்தம். அதைத் தொடர்ந்து, அடிவயிற்றிலிருந்து, கதவே அதிர்கிற மாதிரி, கீர்த்தனையின் முதல் அடி எழும்பியது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், சிரித்தேன், இரண்டும்தான். காகா கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு கீழே தன் மனைவிக்குப் போன் போட்டார்: "ஏய், பாத்ரூம் ஜன்னலை நல்லாத் திறந்து வை, மேலே ஆரம்பிச்சாச்சு. நாளைக்குக் காலையில நான் புகார் சொல்லப் போகணும், மறக்காம எழுப்பிவிடு."

கடிகாரம் மட்டும் இன்னும் பிரிட்ஜ் மேல்தான் கிடக்கிறது, ஏனென்றால் நேரம் தெரியவில்லை என்பதை ஜோஷி காகா அவசர வேலையில் சேர்க்க மாட்டேன் என்கிறார்.